ஹேங் ஆகும் டிஸ்க்: ரீபூட் செய்யாமல் பெயர் வாங்குவது எப்படி?

“தம்பி, தினமும் காலையில முதல் தடவை ஷேர் ஃபோல்டரைத் திறந்தா பத்து செகண்ட் அப்படியே தொங்குது. அப்புறம் தானா சரியாயிடுது. நேத்தே சொன்னேன்ல?”

அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனிலிருந்து வரும் இந்த ஃபோனுக்கு சப்போர்ட் டீமில் வழக்கமாக என்ன நடக்கும்? ஒருவர் ரிமோட்டில் போய்ப் பார்ப்பார். அதற்குள் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். ‘பிரச்சினை தென்படவில்லை’ என்று எழுதி டிக்கெட்டை மூடிவிடுவார். மறுநாள் அது ரீஓப்பன் ஆகும். இன்னொருவர் லினக்ஸ் சர்வரை ரீபூட் செய்வார். அன்று டிஸ்க் சுற்றிக்கொண்டே இருப்பதால் புகார் வராது. அடுத்த நாள் காலை திரும்பவும் அதே ஃபோன்.

இந்த டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள். இதை ஒழுங்காக முடிப்பவருக்கு டிஸ்க் ஃபர்ம்வேர், கெர்னல், ஃபைல் சிஸ்டம், கேபிள், பவர் சப்ளை என்று ஸ்டோரேஜின் மொத்த அடுக்கும் ஒரே கேஸில் பழகிவிடும். எல்1-லிருந்து எல்2-க்குப் போகும் இன்டர்வியூவில் தோண்டித் தோண்டிக் கேட்பதும் இந்த அடுக்கைத்தான். ‘ஒரு ப்ராசஸ் டி ஸ்டேட்டில் நிற்கிறது, கில் மைனஸ் 9 கொடுத்தும் போகவில்லை, ஏன்?’ என்ற கேள்விக்கு மனப்பாடப் பதில் சொல்ல ஆட்கள் ஏராளம். லாகை வைத்துக்கொண்டு நேரில் பார்த்தவர் சொல்லும் பதில் முதல் இரண்டு வாக்கியத்திலேயே தனியாகத் தெரிந்துவிடும்.

முதலில் உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள். கொஞ்ச நேரம் யாரும் கேட்காவிட்டால் ஹார்ட் டிஸ்க் தன் மோட்டாரை நிறுத்திவிடும். இதற்குப் பெயர் ஸ்பின்-டவுன். அடுத்த ரீட் வந்ததும் மோட்டார் திரும்பவும் 5400 அல்லது 7200 ஆர்பிஎம் வேகத்துக்கு ஏறவேண்டும். 3.5 இன்ச் டிஸ்க்குக்கு இது சில விநாடிகள் பிடிக்கும். பத்து விநாடியைத் தாண்டும் டிஸ்க்குகளும் உண்டு. அதுவரை அந்த ஃபைலைக் கேட்ட ப்ராசஸ் கெர்னலுக்குள் காத்து நிற்கும். அந்த நிலைதான் டி ஸ்டேட். அது சிக்னலுக்குப் பதில் சொல்லாது. கில் கொடுத்தும் போகாமல் இருப்பது அதனால்தான். லினக்ஸ் லோட் ஆவரேஜில் இப்படிக் காத்திருக்கும் ப்ராசஸ்களையும் சேர்த்தே எண்ணுகிறது. சிபியு சும்மா இருக்கும், லோட் மட்டும் ஏறியிருக்கும். மானிட்டரிங் திரையில் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் உடனே டிஸ்க் பக்கம் திரும்புங்கள்.

கெர்னலும் காலவரையில்லாமல் பொறுத்திருக்காது. ஒரு டிஸ்க் கமாண்டுக்கு வழக்கமாக 30 விநாடி கெடு. அதற்குள் டிஸ்க் எழுந்து பதில் சொன்னால் யூசருக்கு வெறும் தாமதம். லாகில் ஒரு வரிகூட வராது. கெடு தாண்டினால் கெர்னல் கமாண்டைக் கைவிட்டு லிங்க்கை ரீசெட் செய்யும். அப்போது பத்து விநாடி ஒரு நிமிடமாகும், சில சமயம் டிஸ்க்கே காணாமல் போகும். ஆக, ஒரே புகாருக்குப் பின்னால் இரண்டு வேறு வியாதிகள் இருக்கலாம். ஒன்று வெறும் செட்டிங். மற்றொன்று ஹார்ட்வேர் கோளாறு. இவற்றைப் பிரித்துச் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. டீமில் பலர் வழுக்குவது இந்த இடத்தில்தான். வெறும் ஸ்பின்-டவுனுக்கு டிஸ்க்கையே மாற்றுவார்கள். சாகப்போகிற டிஸ்க்கைப் பார்த்து ‘தூங்கி எழுந்திருக்கும்’ என்று விட்டுவிடுவார்கள்.

1. கையை வைக்கும் முன் லாகை எடுங்கள்

யூசரிடம் ‘எத்தனை மணிக்கு?’ என்று கேட்டு நிமிடத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தின் கெர்னல் லாகை டிமெசேஜிலோ ஜர்னல்சிடிஎல்லிலோ பாருங்கள். டிமெசேஜுக்கு கேபிடல் டி ஆப்ஷன் கொடுத்தால் நேரம் மனிதர் படிக்கிற மாதிரி வரும். ஆனால் சஸ்பெண்ட் ஆகி எழுந்த மெஷினில் அந்த நேரம் பிசகும். அங்கே ஜர்னலையே நம்புங்கள்.

அந்த நேரத்தில் லாக் சுத்தமாக இருந்தால் அநேகமாக வெறும் ஸ்பின்-அப் தாமதம். ‘எக்செப்ஷன் ஈமாஸ்க்’ என்று தொடங்கி ‘ஃப்ரோசன்’ என்று முடியும் வரி, அதன் கீழே ‘ஃபெயில்டு கமாண்ட்: ரீட் எஃப்பிடிஎம்ஏ க்யூட்’, அதற்கும் கீழே ‘ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்’ என்று இருந்தால் கெடு தாண்டிவிட்டது. ‘லிங்க் இஸ் ஸ்லோ டு ரெஸ்பாண்ட், ப்ளீஸ் பி பேஷன்ட்’ என்று ஒரு வரியும் வரலாம். ரீசெட்டுக்குப் பிறகும் டிஸ்க் தயாராகவில்லை என்று அதற்குப் பொருள். ‘பிளாக்டு ஃபார் மோர் தேன் 120 செகண்ட்ஸ்’ என்று ஒரு ப்ராசஸின் பெயரோடு வந்தால் அதையும் எடுத்து வையுங்கள். ஆனால் அந்த வரியில் பெயர் வரும் ப்ராசஸ் குற்றவாளி இல்லை, மாட்டிக்கொண்டது. டேட்டாபேஸ் பெயர் அங்கே வந்ததைப் பார்த்து டேட்டாபேஸ் டீமுக்கு டிக்கெட்டைத் தள்ளிவிடாதீர்கள். அவர்கள் திருப்பி அனுப்பும்போது உங்கள் பெயரும் சேர்ந்து திரும்பி வரும்.

இன்னொரு விஷயம், இதில் பிசகினால் வேலைக்கே ஆபத்து. லாகில் ‘ஏடிஏ3’ என்று வரும். அது மூன்றாவது டிஸ்க் என்றோ எஸ்டிசி என்றோ நீங்களாக முடிவு செய்யக்கூடாது. ஏடிஏ எண் போர்ட்டுக்கு உரியது. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் பூட் ஆகும்போது கிடைக்கும் வரிசைக்கு உரியவை. சிஸ் டைரக்டரிக்குள் பிளாக் என்ற இடத்தில் ஒவ்வொரு டிஸ்க்கின் லிங்க்கும் எந்த ஏடிஏ போர்ட் வழியாகப் போகிறது என்று முழுப் பாதை தெரியும். அதைப் பார்த்து, டிஸ்க்கின் சீரியல் நம்பரோடு பொருத்தி எழுதி வையுங்கள். ஏற்கெனவே ஒரு டிஸ்க் போன ரெய்டு 5-ல் தவறான டிஸ்க்கை உருவினால் மொத்த அரேயும் போய்விடும். டேட்டா சென்டரில் இருக்கும் ஆளுக்கு ஃபோனில் ‘மேலே இருந்து மூன்றாவது’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். சீரியல் நம்பரின் கடைசி நான்கு எழுத்தைச் சொல்லி, அவர் லேபிளைப் பார்த்துத் திருப்பிச் சொன்ன பிறகு கை வைக்கச் சொல்லுங்கள்.

2. பிரச்சினையை நீங்களே வரவழையுங்கள்

காலை 9:30 வரை காத்திருக்கத் தேவையில்லை. ஹெச்டிபார்ம் என்ற கருவி போதும். கேபிடல் சி கொடுத்தால் டிஸ்க் விழித்திருக்கிறதா, ஸ்டேண்ட்பையில் இருக்கிறதா என்று சொல்லும். ஸ்மால் ஒய் கொடுத்தால் டிஸ்க்கை உடனே ஸ்டேண்ட்பைக்கு அனுப்பும். கேபிடல் ஒய் என்பது வேறு. அது டிஸ்க்கை ஸ்லீப்புக்கு அனுப்பும். ரீசெட் இல்லாமல் டிஸ்க் எழாது. ப்ரொடக்‌ஷன் சர்வரில் அதைத் தொடவே கூடாது. ஒரே எழுத்துதான், கேபிடலும் ஸ்மாலும் தனித்தனி வேலை. இதைச் சரியாகச் சொல்பவர் கருவியை உண்மையிலேயே பயன்படுத்தியவர் என்று இன்டர்வியூ எடுப்பவருக்குத் தெரிந்துவிடும்.

ஸ்டேண்ட்பைக்கு அனுப்பிய பிறகு டிடி கமாண்டால் ஒரே ஒரு பிளாக்கைப் படியுங்கள். முன்னால் டைம் போட்டு, ஐஃப்ளாக் டைரக்ட் என்றும் சேர்க்க வேண்டும். டைரக்ட் இல்லாவிட்டால் கேட்ட பிளாக் மெமரியிலேயே இருக்கலாம். கெர்னல் அங்கிருந்தே கொடுத்துவிடும், டிஸ்க் தூங்கிக்கொண்டே இருக்கும், ‘எனக்கு வேகமாக வருகிறதே’ என்று நீங்கள் ஏமாந்துபோவீர்கள். சில முறை அளந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் எட்டு ஒன்பது விநாடி என்று ஒரே மாதிரி வந்தால் ஆரோக்கியமான டிஸ்க்கின் சாதாரண ஸ்பின்-அப். ஒருமுறை 8, ஒருமுறை 25, அடுத்தமுறை லிங்க் ரீசெட் என்று தாறுமாறாக வந்தால் கோளாறு.

லைவ் சர்வரில் இந்தச் சோதனைக்கு அனுமதி வாங்குங்கள். சேஞ்ச் விண்டோ கேட்டு ஒரு மெயில் போடுங்கள். அனுமதியில்லாமல் டிஸ்க்கை நிறுத்தியவர் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால், பிறகு செய்த நல்ல வேலைகள் எதுவும் அதை ஈடுகட்டாது. அந்த மெயிலே உங்கள் வேலைக்குச் சாட்சியாகவும் நிற்கும்.

3. தூங்க வைப்பது யார்?

சந்தேகப் பட்டியல் பெரிதில்லை. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே நேரத்தில் இயங்கலாம். ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டு ‘சரி செய்துவிட்டேன்’ என்று மெயில் போட்டால் மறுநாள் மாட்டிக்கொள்வீர்கள்.

முதல் ஆள், ஹெச்டிபார்மின் கேபிடல் எஸ். இது ஸ்டேண்ட்பை டைமர். இதற்குக் கொடுக்கும் எண் நிமிடமும் இல்லை, விநாடியும் இல்லை. 1 முதல் 240 வரை எண்ணை ஐந்தால் பெருக்கினால் வருவது விநாடி. 120 என்றால் 10 நிமிடம், 240 என்றால் 20 நிமிடம். 241-லிருந்து 251 வரை அரை மணிக் கணக்கு: 241 அரை மணி, 242 ஒரு மணி. பூஜ்ஜியம் கொடுத்தால் டைமர் கிடையாது. ஒரு மணி நேரம் என்று நினைத்து 60 கொடுத்துவிட்டுப் போன அட்மின்களால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தூங்கும் டிஸ்க்குகள் நிறைய உண்டு. கான்ஃபிக் ஃபைலில் 60 என்று பார்த்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

அடுத்து கேபிடல் பி, அதாவது ஏபிஎம் என்ற பவர் சேமிப்பு அளவு. 1 முதல் 127 வரை வைத்தால் டிஸ்க் தானாக ஸ்பின்-டவுன் செய்ய அனுமதி உண்டு. 128 முதல் 254 வரை அனுமதி இல்லை. 255 ஏபிஎம்மையே அணைக்கும். 127-க்கும் 128-க்கும் நடுவே இருக்கும் அந்தக் கோட்டை நினைவில் வையுங்கள். லேப்டாப்பில் டிஎல்பி போன்ற பவர் கருவிகள் சார்ஜரைப் பிடுங்கியவுடன் இந்த எண்ணை மாற்றிவிடும். ‘பேட்டரியில் இருக்கும்போது மட்டும் ஹேங் ஆகிறது’ என்று யூசர் சொன்னால் அங்கே தேடுங்கள்.

மூன்றாவது, டிஸ்க்கின் சொந்த ஃபர்ம்வேர். வெஸ்டர்ன் டிஜிட்டலின் க்ரீன் வரிசை டிஸ்க்குகள் எட்டு விநாடி சும்மா இருந்தாலே ஹெட்டைப் பார்க் செய்யும்படி வந்தன. இதற்கான ஐடில்3 டைமரை ஹெச்டிபார்மின் கேபிடல் ஜே மூலமோ, ஐடில்3சிடிஎல் கருவி மூலமோ மாற்றலாம். மாற்றிய பிறகு ரீபூட் போதாது. பவரை முழுதாக அணைத்துப் போடவேண்டும். சீகேட்டுக்கு ஓப்பன்சீசெஸ்ட் கருவிகள் உண்டு, அதில் ஈபிசி என்ற தூக்க டைமர்களைப் பார்க்கலாம், அணைக்கலாம். ஹெட்டைப் பார்க் செய்வதும் மோட்டாரை நிறுத்துவதும் ஒன்றில்லை. முதலாவதில் தாமதம் குறைவு, ஆனால் தேய்மானம் அதிகம். டிஸ்க் தன் நலத்தைக் குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 193-ஆம் வரி, லோட் சைக்கிள் கவுண்ட், அதைக் காட்டும். இந்த வகை டிஸ்க்குகள் பலவற்றுக்கும் தயாரிப்பாளர் சொல்லும் வரம்பு 3,00,000. அரை நிமிடத்துக்கு ஒருமுறை பார்க் ஆனால் ஒரு நாளைக்கு 2,880. அந்த வரம்பு 105 நாளுக்குள் தீர்ந்துவிடும். 2007-இல் உபுண்டு லேப்டாப்காரர்கள் நடுவே பெரிய சர்ச்சையைக் கிளப்பியதும் இதே எண்ணிக்கைதான்.

மற்றவை சட்டென்று பார்க்கக்கூடியவை. ஹெச்டி-ஐடில் என்ற சர்வீஸ் ஓடுகிறதா? என்ஏஎஸ் மென்பொருளின் வெப் பக்கத்தில் ஸ்பின்-டவுன் டிக் ஆகியிருக்கிறதா? யூஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் என்றால், நடுவில் இருக்கும் பிரிட்ஜ் சிப்பே தன்னிஷ்டத்துக்கு டிஸ்க்கைத் தூங்க வைக்கும். அதில் ஹெச்டிபார்ம் கொடுக்கும் எண் பல சமயம் டிஸ்க்கைச் சென்று சேராது.

4. எழுப்புவது யார்?

காலையில் ஒருமுறை மட்டும் எழும் டிஸ்க் பரவாயில்லை. அரை மணிக்கு ஒருமுறை தூங்கி எழுகிற டிஸ்க்தான் சீக்கிரம் தேயும். அரை மணி என்று கணக்காக இருந்தால் ஸ்மார்ட்-டியை முதலில் பாருங்கள். டிஸ்க் நலத்தைச் சோதிக்கும் அந்த சர்வீஸின் வழக்கமான இடைவெளி 1,800 விநாடி. அதன் கான்ஃபிக்கில் ஸ்மால் என் ஆப்ஷனோடு ‘ஸ்டேண்ட்பை’ என்று சேர்த்தால் தூங்கும் டிஸ்க்கைத் தொடாமல் விட்டுவிடும். நீங்கள் கையால் ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டும்போதும் இதே ஆப்ஷனைப் போடுங்கள். இல்லாவிட்டால் தூக்கத்தைக் கெடுத்த கணக்கில் உங்கள் கமாண்டும் சேரும்.

ராத்திரி ஓடும் அப்டேட்-டிபி, பேக்கப் ஸ்க்ரிப்ட், டெஸ்க்டாப்பில் ஃபைல்களை இண்டெக்ஸ் செய்யும் சர்வீஸ், எல்விஎம் ஸ்கேன், எல்லா டிஸ்க்கையும் பட்டியலிடச் சொல்லும் எஃப்டிஸ்க் இவை மற்ற சந்தேகங்கள். ஊகிக்காதீர்கள். ஃபேட்ரேஸ் கருவியை ஓடவிட்டால் எந்த ப்ராசஸ் எந்த ஃபைலைத் தொடுகிறது என்று நேரடியாகக் காட்டும். பிளாக் அளவில் வேண்டுமென்றால் பிஎல்கேட்ரேஸ் உண்டு. ஃபேட்ரேஸின் அவுட்புட்டை அதே டிஸ்க்கில் சேமிக்காதீர்கள். சேமித்தால் டிஸ்க்கை எழுப்புவது உங்கள் லாக் ஃபைலாகவே இருக்கும்.

5. கெடு தாண்டினால்: கோளாறைத் தேடுங்கள்

லாகில் ரீசெட் வரிகள் இருந்தால் செட்டிங்கில் நேரத்தை வீணாக்காதீர்கள். ஸ்மார்ட் பட்டியலை எடுத்து ஐந்து வரிகளைப் பாருங்கள். 10-ஆவது, ஸ்பின் ரீட்ரை: ஒரே முயற்சியில் மோட்டார் வேகம் பிடிக்கவில்லை என்பதன் எண்ணிக்கை. அது பூஜ்ஜியத்தைத் தாண்டினால் அன்றே டேட்டாவை நகலெடுத்துவிட்டு மாற்று டிஸ்க் கேளுங்கள். 5, 197, 198 மூன்றும் கெட்டுப்போன செக்டார் கதை. 199 சிஆர்சி எரர். இது ஏறிக்கொண்டே போனால் முதலில் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள், டிஸ்க்கை அப்புறம் பார்க்கலாம். 199 ஒருமுறை ஏறினால் இறங்காது. பழைய எண்ணை வைத்துப் பயப்படாமல், இன்றைக்குக் குறித்து நாளை ஒப்பிடுங்கள்.

பவர் சப்ளையை எல்லோரும் மறப்பார்கள். 3.5 இன்ச் டிஸ்க் ஸ்பின்-அப் ஆகும் அந்தச் சில விநாடியில் 12 வோல்ட் லைனில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். ஆறு டிஸ்க் சேர்ந்து எழுந்தால் அந்த லைனிலேயே 144 வாட். பழைய பவர் சப்ளை, ஒரே கேபிளில் நான்கு டிஸ்க்குக்குப் பிரித்த ஸ்ப்ளிட்டர் என்றால் வோல்டேஜ் இறங்கி, நல்ல டிஸ்க்கும் லிங்க்கை விட்டுவிடும். ‘எழும்போது மட்டும் ரீசெட், ஓடும்போது ஒன்றுமில்லை’ என்பது இதன் அடையாளம்.

டிஸ்க், கேபிள், பவர் மூன்றும் சரி என்றால் லிங்க் பவர் மேனேஜ்மென்ட். சிஸ் டைரக்டரியில் ஸ்கஸி ஹோஸ்டின் கீழே இருக்கும் அந்தப் பாலிசியை ‘மேக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்கி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். யூஎஸ்பி பெட்டி என்றால் ஆட்டோசஸ்பெண்டை அந்த ஒரு டிவைசுக்கு மட்டும் அணையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் க்வர்க்ஸ் மூலம் யூஏஎஸ் என்ற வேக முறையை அந்தப் பெட்டிக்கு நிறுத்திப் பாருங்கள். வேகம் குறையும், ஆனால் ஹேங் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று உங்களால் சொல்ல முடியாது. மேனேஜர் கேட்கப்போவது அதைத்தான்.

எழுதும்போது மட்டும், அதுவும் பெரிய காப்பிகளின் நடுவில் தொங்குகிறதா? அது தூக்கமே இல்லாமல் இருக்கலாம். எஸ்எம்ஆர் வகை டிஸ்க்குகள் உள்ளே டேட்டாவை இடம் மாற்றி அடுக்கும்போது நீண்ட நேரம் மந்தமாகும். என்ஏஎஸ்ஸுக்கென்று விற்ற ரெட் வரிசையில் சில மாடல்கள் இந்த வகை என்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020-இல் ஒப்புக்கொண்டது. மாடல் நம்பரைத் தேடிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. டிக்கெட் திறந்ததும் அதைச் செய்துவிடுங்கள்.

ரெய்டில் கதையே வேறு

ரெய்டு 5, 6-ல் ஒரு ஃபைல் பல டிஸ்க்குகளில் துண்டு துண்டாகப் பரவியிருக்கும். முதல் துண்டுக்காக ஒரு டிஸ்க் எழும். அது கொடுத்த பிறகு அடுத்த துண்டுக்காக இன்னொன்று எழும். ஒவ்வொன்றுக்கும் ஒன்பது விநாடி என்றால் ஆறு டிஸ்க்குக்கு 54 விநாடி. யூசருக்கு அது முழு ஹேங். எல்லா டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் ஒரு சிறு ரீட் கொடுக்கும் ஸ்க்ரிப்ட் இந்த நேரத்தைச் சுருக்கும், ஆனால் பவர் சப்ளை தாங்கவேண்டும்.

இதைவிட ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க், கெட்ட செக்டாரைப் படிக்க முயன்று 30 விநாடிக்கு மேல் மல்லுக்கட்டலாம். கெர்னல் அதற்குள் பொறுமை இழந்து ரீசெட் செய்யும். டிஸ்க் அதற்கும் பதில் சொல்லாவிட்டால் ரெய்டு அதை வெளியே தள்ளிவிடும். ஒரு செக்டாருக்காக முழு டிஸ்க்கும் போனது. இந்த முயற்சிக்கு நேர வரம்பு வைக்கும் ஈஆர்சி வசதியை டிஸ்க் ஆதரித்தால் ஸ்மார்ட்சிடிஎல்லில் எஸ்சிடி-ஈஆர்சி 70, 70 என்று வையுங்கள். 70 என்பது ஏழு விநாடி. அதற்குள் டிஸ்க் முயற்சியைக் கைவிட்டு எரர் சொல்லிவிடும், ரெய்டு மற்ற டிஸ்க்கிலிருந்து சரிசெய்துகொள்ளும். ஆதரிக்காவிட்டால் கெர்னலின் கெடுவை அந்த டிஸ்க்குக்கு 180 விநாடியாக ஏற்றுங்கள். மாறாக, இந்தக் கெடுவைக் குறைத்தால் ஹேங் குறையும் என்று யாராவது யோசனை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது நல்ல டிஸ்க்கையும் வெளியே தள்ளும்.

6. தூங்கவேண்டுமா என்று நீங்கள் முடிவு சொல்லுங்கள்

மேனேஜருக்கு வேண்டியது விருப்பப் பட்டியல் இல்லை, சிபாரிசு. கணக்கு எளிது. சும்மா சுற்றும் 3.5 இன்ச் டிஸ்க், தூங்கும் டிஸ்க்கைவிட சுமார் 5 வாட் அதிகம் எடுக்கிறது என்று வையுங்கள். வருடம் முழுக்க இருபத்து நான்கு மணி நேரமும் தூங்கினால்கூட மிச்சம் ஏறத்தாழ 44 யூனிட்தான். பத்து பேர் தினமும் காலையில் காத்திருக்கும் ஷேர் சர்வரில் இந்த மிச்சத்துக்குப் பொருளே இல்லை, டைமரை அணைத்துவிடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை ஓடும் பேக்கப் டிஸ்க்கைத் தாராளமாகத் தூங்கவிடலாம். வீட்டு என்ஏஎஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் போதும். ஐந்து நிமிட டைமர் யாருக்கும் பயன்படாது.

முடிவு எடுத்த பிறகு அதை நிலைக்க வையுங்கள். ஹெச்டிபார்மில் கொடுத்தது பல டிஸ்க்குகளில் பவர் போனதும் அழிந்துவிடும். டெபியன், உபுண்டுவில் ஹெச்டிபார்முக்குத் தனி கான்ஃபிக் ஃபைல் இருக்கிறது. மற்றவற்றில் யூடெவ் ரூல் எழுதுங்கள். சஸ்பெண்ட் ஆகும் மெஷினில், எழுந்த பிறகும் செட்டிங் நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும்; நிற்கவில்லை என்றால் சிஸ்டம்-டியின் ஸ்லீப் ஹுக்கில் அதே கமாண்டைப் போடுங்கள். கெர்னலின் கெடுவும் ரீபூட்டில் 30-க்கே திரும்பும். அதற்கும் யூடெவ் ரூல்தான். ரூலில் எஸ்டிபி என்று எழுதாமல் சீரியல் நம்பரைக் கொண்டு எழுதுங்கள். நாளை யாராவது புது டிஸ்க் சொருகினால் பெயர்கள் இடம் மாறும், உங்கள் ரூல் வேறு டிஸ்க்கைப் பிடிக்கும்.

7. டிக்கெட்டை மூடும் விதம்

வேலையைச் செய்தவர் ஒருவர், மீட்டிங்கில் சொல்பவர் இன்னொருவர் என்பது எல்லா ஆபீஸிலும் நடக்கும். இதற்கு மருந்து எழுத்து. டிக்கெட்டில் ‘இஷ்யூ ரிசால்வ்டு’ என்று போடுவதற்குப் பதில் இப்படி எழுதுங்கள்:

‘காலை 9:32:14 முதல் 9:32:23 வரை ரீட் தாமதம். அதற்கு முன் டிஸ்க் ஸ்டேண்ட்பையில் இருந்தது. கெர்னல் லாகில் எரர் இல்லை. ஸ்பின் ரீட்ரை 0, பெண்டிங் செக்டார் 0. காரணம்: பழைய யூடெவ் ரூலில் ஸ்டேண்ட்பை டைமர் 60, அதாவது 5 நிமிடம். மாற்றம்: டைமர் 0. ரீபூட்டுக்குப் பின் சரிபார்க்கப்பட்டது. திரும்ப வைக்க: பழைய ரூல் பேக்கப் ஃபோல்டரில். அடுத்த வாரம் லோட் சைக்கிள் எண்ணை மீண்டும் பார்க்கவேண்டும்.’

இதைப் படிக்கும் சீனியருக்கு உங்களிடம் கேள்வி கேட்க மிச்சம் ஒன்றும் இருக்காது. அடுத்த முறை இப்படி ஒரு புகார் வந்தால் அவரே உங்கள் பெயரைச் சொல்வார். பிறகு இதையே பொதுவாக்கி டீமின் விக்கியில் ரன்புக்காகப் போடுங்கள். எழுதியவர் பெயரும் தேதியும் கட்டாயம் இருக்கட்டும். அப்ரைசலில் காட்ட ஒரு லிங்க் கிடைத்துவிடும். புகார் சொன்ன அந்த அக்கவுண்ட்ஸ் அக்காவுக்கு ஃபோன் போட்டு, ‘இன்னிக்குக் காலையில எப்படிக்கா இருந்துச்சு?’ என்று நீங்களே கேளுங்கள். சப்போர்ட்காரர்களில் இதைச் செய்பவர்கள் குறைவு. அவர் தன் மேனேஜரிடம் சொல்வார், அது உங்கள் மேனேஜருக்குப் போகும்.

இன்னும் வேலை தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு சர்வர் தேவையில்லை. பழைய 3.5 இன்ச் டிஸ்க் ஒன்று, அதைச் சொருக ஒரு பழைய டெஸ்க்டாப், அதில் ஏதாவது ஒரு லினக்ஸ் போதும். டேட்டா இல்லாத டிஸ்க்காக எடுத்துக்கொள்ளுங்கள். தூங்க வையுங்கள், எழுப்புங்கள், அளந்து குறியுங்கள், லாகைச் சேமியுங்கள். ரெஸ்யூமேயில் ‘லினக்ஸ் ட்ரபிள்ஷூட்டிங் தெரியும்’ என்பதை எடுத்துவிட்டு ‘ஸ்பின்-அப் தாமதத்தையும் ஏடிஏ லிங்க் ரீசெட்டையும் கெர்னல் லாக் கொண்டு பிரித்தறிவேன்’ என்று எழுதுங்கள். அந்த வரியைப் பார்த்தவர் கட்டாயம் அதிலிருந்துதான் கேட்பார். நீங்கள் தயாராக இருக்கும் இடத்துக்கே பேச்சு வரும். ‘சரி, இதே டிஸ்க் ரெய்டில் இருந்தால்?’ என்று அடுத்து வரும். ஏழு விநாடி, முப்பது விநாடி என்ற இரண்டு எண்களிலிருந்து பதிலைத் தொடங்குங்கள்.